கழுவிப் போடுற ஸ்டீல் ஒயில் பில்டரா, மாத்துற பேப்பர் பில்டரா? கிரவல் றோட்டு ஓட்டத்துக்கு எது?

துணுக்காய்_ஓட்டம்:

வணக்கம். வீட்டில பல்சர் 150 ஒண்டும் பழைய ஸ்பிளெண்டர் ஒண்டும் இருக்கு. ரெண்டும் மாங்குளம், துணுக்காய், மல்லாவிப் பக்கம் ஓடுறது. பெருந்தெருவை விட்டு இறங்கினால் கிரவல், வயல்பாதை. சோளகத்தில டிப்பர் எழுப்புற புழுதிக்குள்ளால போகவேணும். மாரியில தாம்போதியில முழங்கால் அளவு தண்ணி.

ஒன்லைனில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையில செய்த ஒயில் பில்டர் ஒண்டு பார்த்தன். கழுவிக் கழுவி எத்தனை தரமும் போடலாமாம், 35 மைக்றோனாம், ஒயில் ஓட்டமும் கூடவாம். விலை கடைப் பேப்பர் பில்டரைப்போல ஒன்பது மடங்கு. என்ர கேள்வியள்:

இது பேப்பரை விட நல்லா வடிக்குமா? ரெண்டு பைக்குக்கும் போடலாமா? கணக்குப் பார்த்தால் காசு மிஞ்சுமா? கழுவுறதெண்டால் எதால, எப்பிடி? இன்னொண்டு, பேப்பர் பில்டரையே பெற்றோலில அலசித் திரும்பப் பூட்டலாம் எண்டு ஒரு கராஜில சொல்லுகினம். அது சரியா?

வோஷர்12:

முதல்ல ஸ்பிளெண்டரை இந்தக் கேள்வியில இருந்து எடுத்து வையுங்கோ தம்பி. நீங்கள் பார்த்த மாதிரிப் பில்டரைப் பூட்ட அதில இடமே இல்லை. அந்த 100 சிசி எஞ்சினில ஒயிலைச் சுத்தமாக்கிறது ரெண்டு சாமான். ஒண்டு கம்பிவலைச் சல்லடை. மற்றது கிராங்கின்ர (பிஸ்டன் சுழட்டுற தண்டு) முனையில அதோட சேர்ந்து சுத்துற கிண்ணம். ஒயில் அந்தக் கிண்ணத்துக்குள்ள போய்ச் சுத்தேக்க பாரமான அழுக்கு வெளிச்சுவரில எறிபட்டு ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஒயில் நடுவால கிராங்குக்குப் போகும். ரெண்டுமே கழுவிக் கழுவிப் பாவிக்கிறதுதான். அந்த வகையில உங்கட ஸ்பிளெண்டர் ஏற்கெனவே "திரும்பப் பாவிக்கிற பில்டர்" பைக்.

பிரச்சினை என்னெண்டால் அதை ஆரும் கழுவுறேல்லை. ஒயில் மாத்த வந்தால் நட்டைக் கழட்டி வடிச்சுப் புது ஒயில் விட்டு அனுப்புறதோட வேலை முடியுது. கிண்ணத்தைத் துடைக்க வலதுபக்கக் கவர் முழுக்கக் கழட்டவேணும், புதுக் காஸ்கெட் (ஒயில் கசியாமல் கவருக்கு நடுவில வைக்கிற தாள்) போடவேணும், அதால தள்ளிப் போடுகினம். இப்பிடியான எஞ்சினுக்குப் பல கைநூலில 12,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் எண்டு இருக்கும். எங்கட புழுதிக்கு அதையும் கொஞ்சம் முந்திச் செய்யிறது நல்லம். கிண்ணம் நிரம்பினால் பிறகு வாற அழுக்குக்கு ஒட்ட இடமில்லை, அது நேர கிராங்கின்ர பெரிய பெயாரிங்குக்குப் போகும்.

துடைக்கேக்க கவனிக்க வேண்டியது: கிண்ணத்து மூடியின்ர ஸ்குறு தலையள் லேசில தேயும், சரியான அளவு ஸ்குறூட்றைவரை நல்லா அழுத்திப் பிடிச்சுத்தான் திருப்பவேணும். உள்ளுக்க இறுகின மண்ணிறச் சேறு இருக்கும். மரக்குச்சியால சுரண்டி, நூல் விடாத துணியால துடையுங்கோ. கொம்பிரசர் காத்து அடிக்கக் கூடாது. நடுவில இருக்கிற துளை கிராங்குக்குப் போற ஒயில் வழி. காத்து அடிச்சால் அதுவரைக்கும் கிண்ணம் பிடிச்சு வைச்ச அழுக்கை நீங்களே பெயாரிங்குக்குள்ள ஏத்திவிடுறியள். சல்லடையைக் கழட்டி மண்ணெண்ணெயில அலசி, கிழிஞ்சிருக்கா பாருங்கோ. கவரைத் திரும்பப் பூட்டேக்க காஸ்கெட்டுக்குப் பதிலாச் சிலிக்கன் பூசுறது இங்க வழக்கம். வேண்டாம். உள்பக்கம் பிதுங்கின சிலிக்கன் நூல் நூலாப் பிஞ்சு அதே சல்லடையில போய் அடைக்கும்.

பல்சரில கதை வேற. அதில மாத்துற பில்டர் ஒண்டு இருக்கு, தனியச் சல்லடையும் இருக்கு. உங்கட கேள்வி அதுக்கு மட்டும்தான் பொருந்தும்.

பாலையடி:

வோஷர்12 சொன்னதோடு முழு உடன்பாடு. பல்சருக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல பேப்பர் பில்டர், அதை அடிக்கடி மாற்றுவது. காரணங்களை விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் சொல்லும் இரண்டு விடயங்கள் பாதி உண்மை.

"35 மைக்றோன்" என்ற எண் தனியே நின்றால் எதையும் சொல்லாது. ஒரு மைக்றோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்றோன் தடிப்பு. பில்டரை அளக்கும்போது கேட்கவேண்டியது, அந்த அளவுத் துகளில் எத்தனை வீதத்தை அது பிடிக்கிறது என்பதை. இதற்கு பீட்டா விகிதம் என்று ஓர் அளவு இருக்கிறது: பில்டருக்குள் போகும் துகள்களின் எண்ணிக்கையை வெளியே வருவதால் வகுத்தது. பீட்டா 2 என்றால் இரண்டு போனால் ஒன்று தப்பிவிடும், அதாவது 50 வீதம். பீட்டா 75 என்றால் 75 போனால் ஒன்றுதான் தப்பும், 98.7 வீதம். எஞ்சின் ஒயில் பில்டர்களை இப்படிச் சோதிக்க ஐஎஸ்ஓ 4548-12 என்ற முறை உண்டு. விற்பனைப் பக்கத்தில் இந்த விபரம் இல்லாமல் வெறும் மைக்றோன் எண் மட்டும் இருந்தால், அதை வைத்து இன்னொரு பில்டரோடு ஒப்பிட முடியாது.

ஸ்டீல் வலை வேலை செய்யும் விதமே வேறு. அதன் கண்கள் எல்லாம் ஒரே அளவு. 35 மைக்றோன் கண் என்றால் அதைவிடப் பெரியது நிற்கும், சிறியது போகும். பேப்பர் அப்படியல்ல. நார்கள் தாறுமாறாகப் பின்னிய ஒரு தடித்த படுக்கை அது. 10, 15 மைக்றோன் துகளில் ஒரு பகுதியை முதல் தடவையே உள்ளுக்குள் சிக்கவைக்கும், மிச்சத்தில் ஒரு பகுதியை அடுத்த தடவை. உங்கள் எஞ்சினில் இருப்பது ஒரு லீற்றர் அளவு ஒயில்; அது நிமிடத்துக்குப் பல தடவை சுற்றி வருகிறது. ஆகவே ஒரு தடவையில் பாதிதான் பிடிபட்டாலும் கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி சிக்கிவிடும். வலையின் கண்ணைவிடச் சிறிய துகளோ எத்தனை தடவை சுற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். (அழுக்குப் படிந்த பிறகு வலையும் கொஞ்சம் நுணுக்கமாக வடிக்கும் என்பது உண்மை. ஆனால் கழுவியதும் பழையபடி.)

எங்கள் இடத்தில் இது ஏன் முக்கியம்? கிரவல் புழுதியில் காற்றில் நீண்ட நேரம் நிற்பது நுண்ணிய பகுதிதான். அதில் இருக்கும் குவாட்ஸ் மோஸ் அளவில் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பை அது கீறும். பெரிய மணலை எந்தப் பில்டரும் பிடிக்கும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையில் நுழைந்து தேய்ப்பது 10, 20 மைக்றோன் தூள்.

அடுத்தது "ஒயில் ஓட்டம் கூடும்" என்பது. பைக்கின் ஒயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும் வகை. பில்டர் இலகுவாக விட்டாலும் கடினமாக விட்டாலும் பம்ப் தள்ளுவது அதே அளவுதான், பைபாஸ் வால்வு (பில்டரால் ஒயில் போக முடியாதபோது அதை வடிக்காமலே விடும் வால்வு) திறக்காத வரை. ஒயில் குளிரில் கட்டியாகி, பில்டரால் போக மறுத்து, பைபாஸ் திறக்கும் நிலைமையில்தான் ஸ்டீல் வலைக்கு உண்மையான அனுகூலம் உண்டு. அது பனி விழும் நாட்டுக் கதை. கிளிநொச்சியில் மார்கழி விடியற்காலையிலும் 20டபிள்யூ50 ஒயில் அப்படிக் கட்டியாகாது.

பேப்பர் பில்டரைப் பெற்றோலில் அலசுவது பற்றி: செய்யாதீர்கள். அழுக்கு பேப்பரின் மேல் அல்ல, நாருக்குள்ளே இருக்கிறது; அலசினால் வெளியே வருவது மேலோட்டமானது மட்டும். நாரைப் பிடித்திருக்கும் பிசினும், இரண்டு முனையிலும் பேப்பரை ஒட்டியிருக்கும் பசையும் அலசித் தேய்க்கும்போது விட்டுப்போகும். விட்ட இடத்தால் ஒயில் வடிபடாமலே போகும், வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

துணுக்காய்_ஓட்டம்:

நல்ல விளக்கம், நன்றி. காசுக் கணக்கு எப்பிடிப் பார்க்கிறது? ஒயில் 2,500 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாத்துறன், பில்டர் ரெண்டு ஒயிலுக்கு ஒருக்கால்.

பாலையடி:

ஒன்பது மடங்கு விலை, 5,000 கிலோமீற்றருக்கு ஒரு பில்டர். அப்படியென்றால் 45,000 கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் முதல் கட்டிய காசு திரும்பும். அதற்குள் ஒவ்வொரு கழுவலுக்கும் அரை லீற்றர் அளவு மண்ணெண்ணெய், இடையிடையே ஓ-றிங் (கசிவைத் தடுக்கும் றப்பர் வளையம்). ஒவ்வொரு ஒயிலுக்கும் பில்டர் மாற்றினால் கணக்கு 22,500 ஆகக் குறையும், அதுதான் ஸ்டீலுக்குச் சாதகமான பக்கம். நான் உங்களிடத்தில் இருந்தால் அந்தக் காசுக்கு ஒன்பது பேப்பர் பில்டர் வாங்கி ஒவ்வொரு ஒயிலுக்கும் ஒன்று போடுவேன். எஞ்சினுக்கு அதுதான் கூடுதல் நன்மை.

செம்மண்_செயின்:

பல்சருக்குச் சொன்னது சரி. ஆனால் "ஸ்டீல் வேண்டாம்" எண்டு பொதுவாச் சொன்னால் அது நியாயமில்லை. வன்னியில பழைய ஜப்பான் 200, 250 சிசி ட்ரெயில் பைக்குகள் இன்னும் கொஞ்சம் ஓடுது. அதுகளுக்குப் பேப்பர் பில்டர் முல்லைத்தீவில இல்லை, கிளிநொச்சியில இல்லை, கொழும்பில இருந்து எடுப்பிக்க வேணும். சில நேரம் அங்கயும் இல்லை. 2020 மார்ச்சில இருந்து வருஷக்கணக்கா வாகன இறக்குமதி நிண்டு, பிறகு ரூபாவும் விழுந்து, சாமான் எடுப்பிக்கிறது எவ்வளவு கரைச்சல் எண்டு எல்லாருக்கும் தெரியும். பில்டர் கிடைக்கேல்லை எண்டதுக்காக ஒயில் மாத்தாமல் ஓடுறதையும், பழைய பேப்பரையே திரும்பப் பூட்டுறதையும் விட, கழுவின ஸ்டீல் பில்டரும் புது ஒயிலும் எவ்வளவோ மேல். கிராங்கில உருளைப் பெயாரிங் உள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், வெட்டுப் பெயாரிங் (உருளை இல்லாத, ரெண்டு பாதித் தகடு) உள்ளதைவிட இந்த விஷயத்தில கொஞ்சம் பொறுக்கும்.

இன்னொரு நன்மையும் இருக்கு, அதை ஆரும் சொல்லேல்லை. பைக்கில கியர்பொக்ஸும் கிளட்சும் எஞ்சினும் ஒரே ஒயிலில ஓடுது. ஸ்டீல் வலையைக் கழட்டினால் எல்லாத்தின்ர தேய்மானமும் மடிப்பில அப்பிடியே தெரியும். ஒரு வெள்ளைத் தட்டில மண்ணெண்ணெய் விட்டு அதுக்குள்ள அலசிப்போட்டு அடியில நிக்கிறதைப் பாருங்கோ. காந்தத்தில ஒட்டுற கறுப்புப் பசை எண்டால் வழமையான கியர்த் தேய்மானம், பயமில்லை. ஒட்டாமல் வெள்ளி மாதிரி மினுங்கினால் அலுமினியம்: பிஸ்டன், கவர், ஏதோ உரசுது. பொன்னிறத் துகள் எண்டால் புஷ். கறுப்புத் தாள் துண்டு மாதிரி நொருங்கினால் கிளட்ச் பிளேற். விரல் நகத்தால பிடிக்கிற அளவு இரும்புத் துண்டு வந்தால் அண்டைக்கே எஞ்சினைத் திறக்கவேணும். பேப்பரிலயும் இதைப் பார்க்கலாம், மூடியை வெட்டி மடிப்பை விரிச்சு. ஆனால் ஆர் செய்யினம்?

கழுவுற முறை. வேலை கூட, ஒண்டையும் குறைக்க ஏலாது.

கழட்டுறதுக்கு முதல் எந்தப் பக்கம் உள்ளுக்கு இருந்தது எண்டு போனில படம் எடுங்கோ. எடுத்து ஒரு அரை மணித்தியாலம் வடிய விடுங்கோ. இந்த வகைப் பில்டரில ஒயில் வெளியால இருந்து உள்ளுக்குப் போகுது, அழுக்கு வெளிப்பக்க மடிப்பில. அப்பிடியே வாளிக்குள்ள தோய்ச்சால் அழுக்கு மண்ணெண்ணெய் நடு ஓட்டையால உள்ளுக்குப் போய்ச் சுத்தமான பக்கத்தில தங்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் நேர பெயாரிங்குக்கு. அதனால முதல்ல ஓட்டையை றப்பர் மூடியால இறுக்கி அடையுங்கோ. மண்ணெண்ணெயில 20 நிமிஷம் ஊறவிட்டு, மிருதுவான பல்லுப் பிரஷால மடிப்பு நீளத்துக்குத் தேயுங்கோ. குறுக்கால தேய்ச்சால் மடிப்பு வளையும். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. வேற சுத்தமான மண்ணெண்ணெயில இரண்டாந்தரம். பிறகு மூடியை எடுத்துப்போட்டு, துணியால வடிச்ச மண்ணெண்ணெயை உள்ளுக்க இருந்து வெளியால ஊத்துங்கோ.

சவர்க்காரத் தண்ணியும் பாவிக்கலாம், ஆனால் கடைசி அலசலுக்கு எங்கட கிணத்துத் தண்ணி வேண்டாம். கன இடத்தில கல்லுத்தண்ணி, கேத்திலில படியிற அதே வெள்ளைப் படிவு வலையின்ர கண்ணிலயும் படியும், பிறகு மண்ணெண்ணெயில கரையாது. மழைத்தண்ணி, இல்லாட்டி குடிக்க வாங்கிற ஆர்ஓ தண்ணி. அலசினால் வெயிலில நல்லாக் காயவேணும், ஈரத்தோட பூட்டக் கூடாது.

காத்து அடிக்கிறதெண்டால் உள்ளுக்க இருந்து வெளியால, அரை அடி தள்ளி, 30 பிஎஸ்ஐக்கு மேல போகாமல். ரயர் கடைக் கொம்பிரசரை முழு அமுக்கத்தில கிட்டப் பிடிச்சால் வலை விரியும். விரிஞ்ச கண் கண்ணுக்குத் தெரியாது. பெற்றோல் எடுக்காதேங்கோ, எங்கட வெயிலில அதின்ர ஆவி ஒரு நெருப்புப்பொறிக்குக் காத்திருக்கும். தின்னர், காபரேற்றர் கிளீனர் ரெண்டும் முனையில ஒட்டியிருக்கிற எப்பொக்சியையும் ஓ-றிங்கையும் கெடுக்கும்.

கடைசியா வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு ஒவ்வொரு மடிப்பாச் சுத்திப் பாருங்கோ, போன் கமராவைப் பெருப்பிச்சால் நல்லாத் தெரியும். இருட்டான மடிப்பு எண்டால் திரும்பக் கழுவவேணும். மற்றதுகளை விடப் பளிச்செண்டு ஒரு புள்ளி, அல்லது வலை மூட்டில, முனையில ஒரு வெடிப்பு தெரிஞ்சால் எறியவேணும். ஒட்டிப் பாவிக்கிற கதையே இல்லை. எஞ்சினுக்குள்ள பெயாரிங் அல்லது கியர்ப்பல் உடைஞ்ச பிறகும் அதே பில்டரைக் கழுவிப் போடக் கூடாது. இரும்புத்தூள் வலைக்குள்ள குத்தி நிக்கும்.

வாங்க முதல் பழைய பில்டரின்ர உயரம், வெளி விட்டம், உள் ஓட்டை மூண்டையும் அளவுகோலால எடுங்கோ. ஒரு மில்லிமீற்றர் கட்டையா இருந்தால் ஸ்பிறிங் சரியா அமத்தாது, ஒயில் பில்டரைச் சுத்திக்கொண்டு வடிபடாமலே போகும். எஞ்சின் வழமை மாதிரித்தான் ஓடும், ஒண்டும் காட்டாது. சில பைக்கில பைபாஸ் வால்வு எஞ்சினுக்குள்ள இல்லை, பில்டரின்ர முனையிலதான் இருக்கும். அப்பிடியான பைக்குக்கு வாங்கிற ஸ்டீல் பில்டரிலயும் அந்த வால்வு இருக்கவேணும். இல்லாட்டி வலை அடைச்ச அண்டைக்கு எஞ்சினுக்கு ஒயிலே இல்லை.

வோஷர்12:

செம்மண்_செயின் எழுதினதில கடைசிப் பந்தி பேப்பர் பில்டருக்கும் பொருந்தும். பேப்பரிலயும் போலி நிறைய. மடிப்பு எண்ணிக்கை குறைவு, மடிப்பு ஒரு பக்கம் நெருங்கி மற்றப் பக்கம் விரிஞ்சு, முனைத் தகடு விரலால அமத்தினால் நெளியும், றப்பர் வளையம் காய்ஞ்சு வெடிச்சிருக்கும். பெட்டியைப் பார்த்து வாங்காமல் சாமானைக் கையில எடுத்துப் பார்த்து வாங்குங்கோ.

ஸ்டீல் எடுக்கிறவை ஒரு பேப்பர் பில்டரையும் வீட்டில வைச்சிருக்கவேணும். இல்லாட்டி கழுவிக் காயவைக்கிற நாளில பைக் தேவைப்பட்டால் அரைகுறையாக் காய்ஞ்சதைப் பூட்ட மனம் வரும்.

குளக்கட்டு:

எல்லோரும் ஒயில் பில்டரைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஒயிலுக்குள் புழுதி எப்படி வருகிறது? பெரும்பகுதி ஒயில் மூடியால் அல்ல, எயார் பில்டரால் வருகிறது. எயார் பில்டர் விட்ட தூள் சிலிண்டருக்குள் போய், ரிங்கைத் தேய்த்து, ரிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்குகிறது. ஒயில் பில்டர் அதைப் பிடிக்கும் நேரம் தேய்மானம் ஏற்கெனவே நடந்துவிட்டது. 10 மைக்றோனா 35 மைக்றோனா என்ற விவாதத்துக்கு முதல் இதைச் சரிபார்க்க வேண்டும்.

எயார் பில்டர் பெட்டியைத் திறந்து, எஞ்சினுக்குப் போகும் பக்கத்து றப்பர்க் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் வந்தால் புழுதி பில்டரைத் தாண்டிப் போகிறது. பெட்டி மூடியின் றப்பர் ஓரம், குழாயின் கிளிப், காபரேற்றர் சேரும் இடம் மூன்றையும் பாருங்கள். வெடித்த றப்பர்க் குழாயை ரேப் சுற்றி ஓடுவது கிரவல் பாதையில் எஞ்சினைத் தெரிந்தே தேய்ப்பதற்குச் சமம்.

ஸ்பொஞ்ச் வகை எயார் பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் முழுதாகக் காயவிட்டு, எஞ்சின் ஒயிலில் தோய்த்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து பூட்டுங்கள். ஒயில் போடாத ஸ்பொஞ்ச் நுண்புழுதியைப் பிடிக்காது. ஒயில் தோய்த்தே வரும் பேப்பர் வகை என்றால் கழுவவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. காற்று அடித்தால் அந்த ஒயில் காய்ந்து, தூசி பிடிக்கும் தன்மை போய்விடும். கராஜில் சேர்விசுக்கு விட்டால் பழக்கத்தில் அடித்துத்தான் தருவார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள். சோளகக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கைநூல் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றுங்கள்.

மாரிக்கும் ஒன்று. தாம்போதியில் தண்ணீர் எஞ்சின் மட்டத்துக்கு வந்து, பிறகு ஒயில் பார்க்கும் கண்ணாடியில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் உடனே ஒயிலை வடித்துப் பேப்பர் பில்டரையும் எறிந்துவிடுங்கள். தண்ணீர் பட்ட பேப்பர் நார் ஊதி, வழியை அடைக்கும், வலுவும் இழக்கும். புது ஒயில் விட்டுச் சில கிலோமீற்றர் ஓடி, திரும்ப வெளிறினால் இன்னொரு தடவை மாற்றவேண்டும். இந்த ஒரு விடயத்தில் ஸ்டீல் வலை நிச்சயம் மேல். அது தண்ணீருக்கு ஊதாது.

ஒயிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஒயிலில் நனைந்து ஓடும் கிளட்சுள்ள பைக்குக்கான தர அடையாளம்) என்று இருக்கிறதா பாருங்கள். காருக்கென்று வரும், எரிபொருள் மிச்சப்படுத்தும் ஒயில்களில் உராய்வு குறைக்கும் கலவை இருக்கும். அது கிளட்சை வழுக்கச் செய்யும். வழுக்கும் கிளட்சின் தூள்தான் உங்கள் பில்டரை முதலில் அடைக்கும்.

பாலையடி:

குளக்கட்டு சொன்னதுதான் சரியான வரிசை: எயார் பில்டர், ஒயில் மாற்றும் தூரம், அதற்குப் பிறகுதான் ஒயில் பில்டர் வகை. செம்மண்_செயின் சொன்ன ஜப்பான் பைக் விடயத்தையும் ஏற்கிறேன். பேப்பர் கிடைக்காத இடத்தில் என் கணக்குச் செல்லாது.

ஒன்றைச் சேர்க்கவேண்டும். கழுவிய மண்ணெண்ணெயும் வடித்த ஒயிலும் எங்கே போகிறது? கிணற்றடியிலும் வளவு மூலையிலும் ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். வன்னியிலும் குடிப்பது நிலத்தடி நீர்தான். ஒயிலையும் மண்ணெண்ணெயையும் வேறுவேறு கானில் சேருங்கள். மண்ணெண்ணெயை ஒரு கிழமை அசையாமல் வைத்தால் சேறு அடியில் படியும், மேலே தெளிந்ததை அடுத்த முதற் கழுவலுக்கு எடுக்கலாம், கடைசி அலசலுக்கு எடுக்கக் கூடாது. கழிவொயில் எடுக்கிறவர்கள் கராஜுகளுக்கு வருவார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள்.

துணுக்காய்_ஓட்டம்:

சரி, பல்சருக்குப் பேப்பர் எண்டு முடிவு. ஸ்பிளெண்டருக்குக் கவர் காஸ்கெட் வாங்கப் போறன். எயார் பில்டர்க் குழாயைத் துடைச்சுப் பார்த்தன், துணி சிவந்துதான் வந்தது, கிளிப் தளர்ந்து இருக்கு. பல்சரில பில்டரை நானே மாத்தலாமா? கவனிக்க வேண்டியது என்ன?

வோஷர்12:

மாத்தலாம். முதல்ல கிளிப்பை இறுக்கிப்போட்டு, குழாயின்ர உட்புறத்தைச் சுத்தமாத் துடையுங்கோ.

எஞ்சினை ஒரு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிப்பாட்டுங்கோ. சூடான ஒயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். கொதிக்கக் கொதிக்கச் செய்தால் கை சுடும், கொஞ்சம் ஆறட்டும். நடு ஸ்ராண்டில சமதரையில நிப்பாட்டி, ஒயில் விடுற மூடியைத் திறந்து, கீழ் நட்டைக் கழட்டி 15 நிமிஷம் வடிய விடுங்கோ. வலதுபக்கம் கீழ இருக்கிற சின்ன மூடிக்குள்ள பில்டர். மூடியைச் சுத்தி ஒட்டியிருக்கிற கிரவலைப் பிரஷால தட்டி, துணியால துடைச்ச பிறகுதான் கழட்டவேணும். இந்த ஒரு படியை விட்டால் மாத்துற நேரத்தில விழுற மண் பில்டருக்கு அங்கால, சுத்தமான பக்கத்தில விழும்.

பழையதை எடுக்கேக்க அது இருந்த திசையையும், ஸ்பிறிங், ஓ-றிங் இருந்த ஒழுங்கையும் படம் எடுங்கோ. பழைய ஓ-றிங் சில நேரம் எஞ்சின் பக்கத்திலயே ஒட்டி நிக்கும். அதுக்கு மேல புதுசைப் போட்டால் ஒயில் கசியும். புது ஓ-றிங்குக்கு ஒயில் பூசித்தான் வைக்கவேணும். பில்டர் திருப்பிப் பூட்டுப்பட்டால் ஒயில் வழி அடைபடும், எஞ்சின் கொஞ்ச நேரத்தில இறுகும், அதால படத்தோட ஒருக்கால் ஒத்துப் பாருங்கோ. மூடிப் போல்ட்டுகள் சின்னன், அலுமினியத்துக்குள்ள போறது. விரலால முழுக்க ஓடவிட்டு, பிறகு மாறி மாறிக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்குங்கோ. ஆறு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு காணும். நீளமான ஸ்பனரில பலம் காட்டினால் நூல் போயிடும். கீழ் நட்டுக்குப் புது வோஷர்.

அடியில இருக்கிற சல்லடையையும் இதோட கழட்டி மண்ணெண்ணெயில அலசுங்கோ.

ஒயிலை முழுக்க ஒரேயடியா ஊத்தாமல் 900 மில்லிலீற்றர் அளவில நிப்பாட்டி, எஞ்சினை ரேஸ் குடுக்காமல் ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, நிப்பாட்டி அஞ்சு நிமிஷம் விட்டு, பைக் நிமிர்ந்து நிக்கேக்க கண்ணாடியில பாருங்கோ. பில்டரும் அதின்ர வழியும் நிரம்பினதில மட்டம் இறங்கியிருக்கும். மேல்க் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவைக் கொஞ்சம் தாண்டிற அளவுக்கு விட்டால் போதும். மேல்க் கோட்டைத் தாண்டினால் ஒயில் நுரைக்கும், மூச்சுக் குழாயால எயார் பில்டர் பெட்டிக்குள்ள போய் அதையும் நனைக்கும். ஸ்பிளெண்டரில அளவுக்கோலைத் துடைச்சு, மரையைச் சுத்தாமல் சும்மா செருகி எடுத்துத்தான் அளவு பார்க்கவேணும். சுத்திப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடக் காட்டும்.

அடுத்த நாள் காலமை ஸ்டார்ட் பண்ண முதல் மூடியின்ர ஓரத்தையும் கீழ் நட்டையும் விரலால தடவிப் பாருங்கோ. ஈரம் இருந்தால் நட்டை மேலும் இறுக்காதேங்கோ. கழட்டி வோஷரையும் ஓ-றிங்கையும் பாருங்கோ.